பந்தியும் படையும்: முகாம் உணவு வீட்டுச் சுவையான வரலாறு

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. உண்ணும் வலக்கை பந்தியில் முன்னே செல்லும். அதே கை நாணை இழுக்கையில் பின்னே செல்லும் என்று இதற்கு நயவுரை கூறுவாரும் உளர். எவ்வாறு பொருள் கொண்டாலும், பழமொழி பந்தியையும் படையையும் எதிரெதிரே நிறுத்துகிறது. பந்தி வீட்டுக்கும் விழாவுக்கும் உரியது. படை, அவ்விரண்டையும் விட்டுப் பிரிந்து செல்வோர்க்கு உரியது.

ஆயினும், படையில் பணியாற்றித் திரும்பிய ஒருவரிடம் அக்காலத்தைப் பற்றிக் கேட்டால், அணிவகுப்பையும் துப்பாக்கியையும் சொல்லுமுன் அவர் உணவைப் பற்றியே பேசத் தொடங்குவதைக் காணலாம். அரைவேக்காட்டுச் சோறு, நீர்த்த பருப்பு, பல்லுக்குச் சவாலான ரொட்டி என்று குறைகளையே அடுக்குவார். சொல்லும்போது அவர் முகம் மட்டும் மலர்ந்திருக்கும். சுவையற்றது என்று தாமே கூறும் உணவை மனிதர் ஏன் இத்தனை விருப்பத்தோடு நினைவுகூர்கின்றனர்? அந்த ஏக்கத்தின் பின்னே எவ்வகை வரலாறு இருக்கிறது? அதைச் சிங்கப்பூர், மலாயாத் தமிழரின் வாழ்வை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று சொற்களின் பயணம்

முதலில் சொற்களிலிருந்து தொடங்குவோம். இன்று தமிழர் அன்றாடம் வழங்கும் மெஸ், ரேஷன், கேண்டீன் என்னும் மூன்று சொற்களும் ஆங்கிலத்தின் வழி நம்மிடம் வந்தவை. மூன்றுமே படைவீட்டில் பழகிய சொற்கள்.

மெஸ் என்பதன் வேர், அனுப்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல். அடுக்களையிலிருந்து உணவு மேசைக்கு அனுப்பப்பட்ட பங்கு என்பது அதன் தொடக்கப் பொருள். பின்னர், அப்பங்கைச் சேர்ந்து உண்ணும் சிறு குழுவை, பெரும்பாலும் நால்வரை, அச்சொல் குறித்தது. அதன் பிறகே கப்பலிலும் படையிலும் உடனுண்போர் கூட்டத்துக்கும் அவர்கள் உண்ணும் கூடத்துக்கும் பெயராயிற்று. ஆக, அச்சொல் கட்டடத்தைக் குறிக்குமுன் மனிதரைக் குறித்தது. தமிழில் அதற்கு நிகரான சொல் தேடினால் உணவகம் என்பதைவிடப் பந்தி என்பதே நெருங்கி நிற்கும். பந்தியும் முதலில் அமர்ந்திருக்கும் மனிதரின் வரிசைதான்.

தமிழ்நாட்டில் இச்சொல் அடைந்த மாற்றம் வியப்புக்குரியது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பகுதிகளில் ஊரைவிட்டு வந்து தனியே தங்கிய இளைஞர்களுக்கு வேளை தவறாமல் சோறு போட்ட சிறு உணவகங்கள் மெஸ் என்று பெயர் பெற்றன. பட்டியலைப் பார்த்து உணவைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு ஹோட்டல் என்று பெயர். அன்று சமைத்ததை எல்லாருக்கும் பரிமாறும் இடத்துக்கு மெஸ் என்று பெயர். படைவீரரின் கூடத்தைக் குறித்த சொல் தமிழர் வாயில் வீட்டுச் சாப்பாட்டின் மறுபெயராகிவிட்டது. அதே வேளையில், மிலிட்டரி ஹோட்டல் என்னும் பெயர்ப்பலகை, அங்கு இறைச்சி கிடைக்கும் என்பதற்கு அடையாளமாயிற்று.

ரேஷன் என்பது கணக்கிடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு வீரனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் உணவுக்கு அது பெயர். இரண்டாம் உலகப் போர் அவ்வளவையை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. போருக்குப் பின்னும் அரிசிப் பங்கீடு தொடர்ந்தமையால் சொல்லும் குடும்பச் சொல்லாக நிலைத்தது. கேண்டீன் என்பதோ மதுவறை என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து பிரெஞ்சின் வழி வந்தது. 18ஆம் நூற்றாண்டில் படைமுகாமில் வீரர்க்குப் பொருள் விற்ற கடையைக் குறித்தது. இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அச்சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது பள்ளி இடைவேளை. தோட்டப்புறத்தில் விடியற்காலை ஆள்கணக்கு எடுப்பதற்கு வழங்கிய பெரட்டு என்னும் சொல்லும், படை அணிவகுப்பைக் குறிக்கும் பரேட் என்பதன் திரிபே என்பர். தூக்குச்சட்டியோடு பெரட்டுக்கு நின்ற பால்மரத் தொழிலாளி, தாம் ஒரு படைச்சொல்லால் அழைக்கப்படுவதை அறிந்திருக்கமாட்டார்.

பெருஞ்சோறும் கஞ்சியும்

படைக்கும் சோற்றுக்கும் உள்ள உறவைத் தமிழர் பிறரிடம் கற்கவில்லை. தொல்காப்பியம் வஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகப் பெருஞ்சோற்று நிலையைக் கூறுகிறது. போருக்குச் செல்லும் வீரர்க்கு வேந்தன் பெருவிருந்து அளிப்பதே அத்துறை. பாரதப் போரில் இரு படைகளுக்கும் சோறளித்தான் என்னும் புகழால் உதியஞ்சேரலாதன் பெருஞ்சோற்று என்னும் அடைமொழி பெற்றான். உண்ட சோற்றுக்கு உயிரால் நன்றி செலுத்துவது செஞ்சோற்றுக் கடன் எனப்பட்டது. சோறு அங்கே வெறும் உணவன்று. ஊட்டியவனுக்கும் உண்டவனுக்கும் இடையிலான உடன்படிக்கை.

கிழக்கிந்தியக் கும்பினியின் காலத்தில் இவ்வுறவு வேறு வடிவம் கொண்டது. 1751இல் இராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டையில் முற்றுகைக்கு உள்ளானபோது, உணவு குறைந்துவிடவே, இந்தியச் சிப்பாய்கள் சோற்றை வெள்ளையர்க்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் வடித்த கஞ்சியைக் குடித்தனர் என்றொரு கதை உண்டு. மக்காலே அதை எழுதிப் பெரும்புகழ் பெறச் செய்தார். அது நடந்ததா என்பதைவிட, ஆள்வோர் அதை விரும்பித் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. சிப்பாயின் பசியை அவர்கள் விசுவாசத்தின் சான்றாகக் கண்டனர்.

கஞ்சி என்னும் தமிழ்ச் சொல் போர்த்துக்கீசியர் வழி ஆங்கிலத்துக்குள் சென்றது. 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் அகராதி, படைப்பிரிவுகளின் சிறையறைக்குக் கஞ்சி வீடு என்று பொருள்படும் பெயர் வழங்கியதைப் பதிவு செய்கிறது. உள்ளே இருப்போர்க்குக் கஞ்சியே உணவு என்பதால் அப்பெயர். நம் தாய்மார் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு அன்போடு ஊட்டிய கஞ்சி, படைவீட்டில் தண்டனையின் அடையாளம் ஆயிற்று. மிளகுத்தண்ணீரோ அதிகாரிகளின் மேசைக்கு ஏறியது. மதராசு மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலேயர்க்கு அச்சாற்றின் பெயரையே சுருக்கிப் பட்டப்பெயராகச் சூட்டினர் என்பதையும் அவ்வகராதி குறிப்பிடுகிறது.

1819இல் இராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கியபோது அவரோடு சிப்பாய்களும் வந்தனர். பின்னர் மதராசுக் காலாட்படைப் பிரிவுகளும் இங்குக் காவலுக்கு இருந்தன. ஊட்ரம் சாலைப் பகுதிக்குச் சிப்பாய் லைன்ஸ் என்னும் பெயர் அவர்களால் வந்ததே. அவர்கள் அங்கு என்ன சமைத்து உண்டனர் என்று எழுதி வைத்தாரில்லை. இடப்பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

தகரத்துக்குள் வந்த போர்

படைவீட்டு உணவு வீட்டுக்குள் நுழைந்த பெருவழி தகரப் பேழையே. தொலைதூரம் செல்லும் படைக்குக் கெடாத உணவு வேண்டும் என்பதற்காகப் பிரெஞ்சு அரசு பரிசு அறிவித்தது. நிக்கோலா அப்பேர் என்பவர் உணவைப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கும் முறையைக் கண்டு, 1810இல் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். அதே ஆண்டில் பீட்டர் டுராண்ட் இங்கிலாந்தில் தகரப் பேழைக்கு உரிமம் பெற்றார். கெட்டிப்பாலின் கதையும் இத்தகையதே. கெயில் போர்டன் 1856இல் உரிமம் பெற்ற அப்பால், 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் உணவாகிப் பெருவழக்குப் பெற்றது.

இந்நாட்டில் இவ்விரண்டும் என்னவாயின என்பதை நாம் அறிவோம். 1892இல் ஆல்பிரட் க்ளூவே என்னும் பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனத்தின் சேவல் சின்னம் பொறித்த சார்டின் பேழை தலைமுறை தலைமுறையாக வீடுகளில் இடம்பெற்றுள்ளது. வெங்காயமும் மிளகாயும் வதக்கி, புளி சேர்த்து, பேழையிலுள்ள தக்காளிச் சாற்றோடு கொதிக்கவிட்டால் சார்டின் குழம்பு ஆயிற்று. மாதக் கடைசியில் கைகொடுத்ததும், எதிர்பாராத விருந்தினர் வந்தபோது மானம் காத்ததும் அதுவே. கெட்டிப்பாலோ தேத்தண்ணீரில் கலந்து இந்நாட்டின் பொதுச் சுவையாயிற்று. அயல்நாட்டில் படிக்கச் சென்ற பிள்ளை வீட்டை நினைத்து ஏங்கும்போது முதலில் தேடுவது இவற்றைத்தான். போருக்காகப் பிறந்த பொருள்கள் அவை என்பதை அந்த நேரத்தில் எவரும் நினைப்பதில்லை.

ஏட்டில் ஏறிய ஏக்கமும் ஏறாத ஏக்கமும்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகியது. வீட்டு முற்றங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. கிழங்கு சோறாயிற்று, கிழங்கு மாவு ரொட்டியாயிற்று.

அக்காலத்தில் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த ஐரோப்பியப் பெண்களிடையே ஒரு வழக்கம் தோன்றியது. பசி மிகுந்த வேளைகளில் அவர்கள் கூடி அமர்ந்து, தத்தம் வீட்டு விருந்துகளைக் கற்பனை செய்து சொல்லிக்கொண்டனர். கனடா நாட்டவரான எதெல் மல்வேனி அச்சமையற் குறிப்புகளைத் திரட்டி எழுதி வைத்தார். விடுதலைக்குப் பின் 1946இல் அவை நூலாக அச்சேறின. விற்றுக் கிடைத்த பணம் முன்னாள் கைதிகளுக்கு உதவியது. பசித்த வயிறு எழுதிய சமையல் நூல் அது. வெண்ணெயும் முட்டையும் தாராளமாகச் சேரும் பண்டங்களை, அவற்றைக் கண்ணாலும் காணாதவர்கள் அளவு தவறாமல் நினைவில் வைத்திருந்தார்கள். வீட்டு உணவைப் பற்றிய ஏக்கம் உயிரைப் பிடித்து வைக்கும் கயிறாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்திரளாகச் சயாம் பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பசியிலும் மாண்டவர் பல்லாயிரவர். அம்முகாம்களிலும் இரவுகளில் வீட்டுக் குழம்பைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று நம்பலாம். ஆனால் அவர்கள் பேச்சை ஏட்டில் எழுத ஓர் எதெல் மல்வேனி அங்கு இல்லை. எழுத்தறிவும் தாளும் நாடு திரும்பிய பின் அச்சிட வாய்ப்பும் உடையோரின் ஏக்கமே வரலாற்றில் இடம்பெறுகிறது. பிறர் ஏக்கம் அவர்களோடு மறைகிறது.

எனவே முகாம் உணவைப் பற்றிய ஏக்கத்தை இனியதொரு நினைவாக மட்டும் கொண்டாடுதல் ஆகாது. போர்க்காலத்தைக் கடந்த முதியோர் சிலர் அதன் பின் மரவள்ளிக்கிழங்கைத் தொட்டதேயில்லை. வேறு சிலர், அவித்த கிழங்கும் தேங்காய்த் துருவலும் இருந்தால் வேறொன்றும் வேண்டார். ஒரே கிழங்கு ஒருவர்க்குப் பஞ்சத்தின் கசப்பு. மற்றவர்க்குப் பஞ்சத்திலும் பிள்ளைகளைக் காத்த தாயின் கைம்மணம். இரண்டும் உண்மையே.

ஒரே அடுப்பு

பிரிட்டிஷ் இந்தியப் படையில் சமயத்துக்கும் சாதிக்கும் ஏற்பச் சமையல் பிரிந்திருந்தது. இரயில் நிலையங்களில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று குடிநீரே பிரிந்திருந்த காலம் அது. பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறுவதைத் தமிழர் பந்தி வஞ்சனை என்பர். பந்திகளையே தனித்தனியாக்குவது அவ்வஞ்சனையின் பெருவடிவம் எனலாம்.

1943 ஜூலை 2ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அவர் தலைமையில் புத்துயிர் பெற்ற இந்தியத் தேசிய இராணுவம் இப்பிரிவினையை ஏற்கவில்லை. அங்கே பொதுச் சமையலே முறையாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. மதராசில் மருத்துவம் பயின்று சிங்கப்பூரில் பணியாற்றிய லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். சேர்ந்த பெண்களுள் பெரும்பகுதியினர் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழர்.

தோட்ட லயத்தில் கணவனும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சியதை உண்டு பழகிய பெண்ணுக்கு, மற்றவரோடு ஒரே வரிசையில் தட்டேந்தி நின்று, தனக்கென அளந்த பங்கைப் பெறுவது எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும்? அது போர்க்காலத்து எளிய உணவுதான். ஆனால் எவரும் எவர்க்கும் பிந்தாத பந்தி. சுவையற்ற உணவை மனிதர் ஏன் விருப்பத்தோடு நினைக்கின்றனர் என்னும் கேள்விக்கு இங்கே விடை தென்படுகிறது. நாக்கு மறந்தாலும், தான் சமமாக அமர்த்தப்பட்டதை மனம் மறப்பதில்லை.

பச்சைப்பயற்றுக் கஞ்சியும் கடின ரொட்டியும்

1967இல் சிங்கப்பூரில் தேசிய சேவை நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பிய இளையர்கள் பல இன வீடுகளிலிருந்தும் ஒரே முகாமுக்குச் சென்றனர். முகாம் உணவுக்கூடத்தை அவர்கள் குக்ஹவுஸ் என்றே அழைத்தனர். முஸ்லிம்களுக்கு ஏற்ற சமையல் தனியே நடந்தது. உண்ணும் கூடம் ஒன்றாக இருந்தது. முன்னைய படை ஒரே அடுப்பில் ஒற்றுமையைத் தேடியது. இந்நாடு அடுப்பு வேறாயினும் கூடம் ஒன்று என்னும் வழியை மேற்கொண்டது.

அக்கூடத்தைக் கடந்து வந்தவர்களுக்குப் பொதுவான சில நினைவுகள் உண்டு. இரவுச் சிற்றுண்டியாகக் கிடைத்த இனிப்பான பச்சைப்பயற்றுக் கஞ்சி அவற்றுள் ஒன்று. காட்டுப் பயிற்சியில் கடித்த கடின ரொட்டி மற்றொன்று. இரட்டை மெஸ் தின்னில் சூடாக்கிய பேழை உணவும், கழுவியும் போகாத அதன் எண்ணெய்ப் பிசுக்கும் பலர் நினைவில் உள்ளன. வார இறுதியில் வீடு திரும்பினால் அம்மாவின் இரசம் காத்திருக்கும். முகாமில் வீட்டுச் சோற்றை நினைத்தவர், பல ஆண்டுகள் கழித்து வீட்டில் அமர்ந்து முகாம் கஞ்சியை நினைக்கிறார். வீட்டுச் சுவையின் அருமையை அவர் முதன்முதலாக அறிந்ததே அந்த முகாமில்தான் என்பதால், அவர் நினைவில் இரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன.

1990களின் பிற்பகுதியிலிருந்து முகாம் சமையல் படிப்படியாக உணவு நிறுவனங்களின் பொறுப்புக்குச் சென்றது. தகரப் பேழைகளின் இடத்தைச் சூடாக்கி உண்ணும் உறைகள் பிடித்தன. உணவின் தரமும் வகையும் உயர்ந்தன. அதைக் குறை கூறுவது முறையன்று. பிள்ளைகள் நன்றாக உண்ண வேண்டும் என்றுதானே எந்தத் தாயும் விரும்புவாள். எனினும், பெருங்கொப்பரையின் முன் வியர்வையோடு நின்று நூற்றுக்கணக்கானோர்க்குச் சமைத்த படைச் சமையற்காரரின் கதை எழுதப்படாமலே முடிந்துவிடும் நிலை உள்ளது. உண்டவர்கள் பேசுகிறார்கள், சமைத்தவர்கள் பேசியது குறைவு. வீட்டிலும் இதுவே நிலை. அம்மாவின் இரசத்தைப் புகழ்வோர் பலர். அதன் பக்குவத்தை அவரிடம் கேட்டு எழுதி வைத்தவர் சிலரே.

நாம் செய்யத்தக்கது

பிப்ரவரி 15ஆம் நாளைச் சிங்கப்பூர் முழுமைத் தற்காப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. அந்நாளையொட்டி மாணவர்கள் போர்க்கால உணவைச் சுவைத்துப் பார்க்கும் நிகழ்ச்சிகள் நடப்பதுண்டு. கிழங்கைச் சுவைப்பது நன்று. அதோடு, அக்கிழங்கைத் தங்கள் வீட்டில் என்ன பெயரிட்டு அழைத்தார்கள், எவ்வாறு சமைத்தார்கள், யார் கடைசியாக உண்டார்கள் என்று தாத்தா பாட்டியிடம் தமிழில் கேட்டு வரச் செய்தால் மேலும் நன்று. 1979இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்றுப் பணி, ஆக்கிரமிப்புக் காலத்தைக் கடந்தோரின் குரல்களைப் பதிந்து வைத்துள்ளது. அரசு நிறுவனம் ஒன்று செய்யக்கூடியதை அது செய்தது. ஒவ்வொரு வீட்டு அடுக்களைக்கும் அது வந்து சேர இயலாது. அங்கே கேட்க வேண்டியவர்கள் நாம்தாம்.

போர்க்காலத்தில் அடுப்பூதிய தலைமுறையில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். தேசிய சேவையின் முதல் அணியினரும் எழுபது வயதைக் கடந்துவிட்டனர். மெஸ் தின், பெரட்டு, ரேஷன் அரிசி, மங்குக் கோப்பை என்று அவர்கள் வாயில் வழங்கும் சொற்களுக்கு அகராதியில் பொருள் கிடைக்கலாம். அவற்றோடு ஒட்டிய பசியும் தோழமையும் அங்கே கிடைக்கா. அவர்கள் அடுத்த முறை குக்ஹவுஸ் சோற்றைக் குறை கூறத் தொடங்கும்போது, பழைய கதை என்று எழுந்து போகாமல், அருகில் அமர்ந்து, அதைச் சமைத்தவர் யார், பக்கத்தில் அமர்ந்து உண்டவர் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.